பதினோராவது தூண்

தில்லியில் விளக்கணைப்பு.
சவுத் பிளாக் ஜன்னல்களில் கறுப்புத் தாள்,
பசை இன்னும் காயவில்லை.
தளபதி வரைபடத்தை விரித்தார்:
"பாலத்தைத் தகர்க்க உத்தரவு வேண்டும்."

பிரதமர் நிரோத் பருவா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
மூலையில் அவருடைய பழைய கையெழுத்து,
கீழே 'உதவிப் பொறியாளர்'.

"இங்கே வைத்தால் மருந்துதான் வீண்.
பதினோராவது தூணில் வையுங்கள்.
அந்த வருஷம் வெள்ளம் முந்திக்கொண்டது,
கான்கிரீட் இறுகவே இல்லை.
சரியாக இருக்கிறது என்று எழுதியவன் நான்."

சுருக்கெழுத்து நோட்டின் மேல்
என் பென்சில் நின்றுவிட்டது.

உத்தரவில் ஒப்பமிட்டு,
மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்:
"அதன் அடியில் மீன்காரர்கள் படுப்பார்கள்.
இப்போதும் படுக்கிறார்களா?"

தளபதி வரைபடத்தைப் பார்த்தார்.
அதில் நீலமாக ஆறு மட்டும் இருந்தது.