இருநூற்றுப் பதினான்காவது மின்வெட்டு

வால்திவியாவில் ஜூன் என்றால் மழைதான்.
ரத்த வங்கியின் இரண்டாம் மாடியில்
பன்னிரண்டு வட்டுகள் ஒரே சுருதியில் முனகுகின்றன.
இரவுதோறும்
நான் அவற்றின் மின்சாரத்தைப் பிடுங்குகிறேன்.

பெயர் நோல்ஃபா உவைக்கிமில்லா.
பதவிக்கு ஏதோ நீளமான பெயர்.
இந்தப் புதிய சேமிப்பு மென்பொருளை
நிஜப் பணிக்கு இறக்கலாமா, கூடாதா?
படிவத்தில் கட்டங்கள் இரண்டே.
கையெழுத்துக்கான கோடு மட்டும்
தாராளமாக நீள்கிறது.

எலியோதோரோ சொல்கிறான்:
என் மைத்துனனின் மர ஆலையில்
மூன்று வருஷமாக ஓடுகிறது, ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு இல்லை என்பதும்
யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதும்
காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.
அங்கே கணக்குப் பிசகினால்
ஏதோ ஒரு மேசை குட்டையாகும்.
இங்கே
ஒரே ஒரு பிட் குப்புற விழுந்தால் போதும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் வட்டை உருவினேன்.
பத்தொன்பது மணி நேரம்
தன்னைத்தானே தைத்துக்கொண்டது.
தையல் முடியுமுன் இரண்டாம் வட்டையும் உருவினேன்
(அன்று கொஞ்சம் கோபத்தில் இருந்தேன், காரணம் வேறு).
தாங்கியது.
ஒரு பைட் இடமில்லாமல் நிரப்பிவிட்டு
அழி என்றேன்.
அழிக்க இடமில்லை என்றது.
தனியாக இருந்ததால் சத்தமாகவே சிரித்தேன்,
பிறகு சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சோற்றுக்குச் சரி.
இந்தப் பானையில் ஒன்பது கோடிப் பருக்கைகள்,
வேகாத ஒன்று
எந்தக் கரண்டியில் வரும் என்று யார் கண்டது?

இருநூற்றுப் பதினான்காம் முறை பிடுங்கிச் செருகியபோது
அது எழவில்லை.
திரையில் நான்கு சொற்றொடர்கள்:
ஒரு தொகுதி கணக்கோடு ஒத்துப்போகவில்லை.
அதன் பிரதியும் ஒத்துப்போகவில்லை.
எது சரியென்று தெரியாது.
திறக்க மாட்டேன்.

தோற்றுவிட்டது பார், என்றான் எலியோதோரோ,
‘கூடாது’ கட்டத்தின்மேல் பேனா நுனி.
பொறு என்றேன்.

பழைய மென்பொருள் பக்கத்து அலமாரியில்.
ஒன்பது வருஷமாகக் காலைதோறும் பச்சை விளக்கு:
எல்லாம் நலம்.
அதன் ஏடுகளை நாடாப் பிரதிகளோடு
வரி வரியாக ஒப்பிட்டேன்.
நாலு நாள். ஜன்னலுக்கு வெளியே
மீன் சந்தைப் பக்கம் கடற்சிங்கங்கள்
பங்குக்காக ஊளையிட்டபடி.

பதினோரு பதிவுகள் கெட்டிருந்தன.
ஒதிலியா கர்காமோ, வயது முப்பத்தாறு,
நான்கு முறை ரத்தம் கொடுத்தவள்:
அவளுடைய வகை இருந்த இடத்தில்
வெறும் பூஜ்ஜியங்கள்.
பையை மறுபடி சோதித்த பிறகே ஏற்றுவார்கள்,
அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
அதனாலேயே யாருக்கும் தெரியவும் இல்லை.
விளக்கு அன்றும் பச்சை.
அதைக் குற்றம் சொல்ல முடியாது,
கேட்கப்படாத கேள்விக்கு
அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

புதியதன் சிக்கலுக்குக் காரணம் பின்னர் கிடைத்தது:
மலிவாக வாங்கிப் பொருத்திய ஒரு நினைவகச் சில்லு.
வாங்கியது நான்தான்.
ரசீது இன்னும் மேசையில்.

‘இறக்கலாம்’ கட்டத்தில் குறியிட்டேன்.
கையெழுத்துக் கோட்டில் இடம் இருந்ததால்
நெருக்கி எழுதினேன்:
எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.
பிழைதிருத்தும் நினைவகம் மட்டும்.
மூன்றாம் பிரதி ஒசோர்னோவில்.
ஞாயிறுதோறும் ஒவ்வொரு தொகுதியையும் படிக்கச் சொல்லுங்கள்,
ஒன்றும் ஆகாத ஞாயிறுகளிலும்.

நம்புகிறாயா, என்று கேட்டான்.
தெரியாததைத் தெரியாது என்று அது சொன்னதை
ஒருமுறை பார்த்திருக்கிறேன், என்றேன்.
ஒரே முறை.

பெயர் எழுதக் கோட்டில் இடம் இல்லை.
ஓரத்தில் செங்குத்தாக எழுதிவிட்டு,
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு,
படியிறங்குமுன்
இன்னொரு தடவை பிடுங்கினேன்.