சுக்கான்

படிவத்தில் கேட்டிருந்தார்கள்: ஏன் இந்த நாய்?
வீட்டில் படி இல்லை என்று எழுதினேன்.

உப்புவெளியில் பஸ் தட்டியதாம்.
பின்னங்கால்கள் கூடவே வருகின்றன,
சொல் கேட்பதில்லை.
இரவு பதினொன்றுக்கும் விடிய ஐந்துக்கும்
அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வேண்டும்.
டொக்டர் தர்மினி என் விரல்களைப் பிடித்து
இடம் காட்டினார்.
முதல் கிழமை முழுக்க
நான்தான் நனைந்தேன்.

வண்டி நசுறுதீனின் கராஜில் பிறந்தது:
தண்ணிக் குழாய், பிள்ளைச் சைக்கிளின் சில்லு இரண்டு,
யாரோ கழற்றி எறிந்த சீட் பெல்ட்.
எவ்வளவு என்றேன்.
முதலில் ஓடட்டும் என்றார்.

ஓடியது.
கோட்டை வாசலில் மான்கள்
மெல்லுவதை நிறுத்திப் பார்த்தன.
குரைத்ததற்கு ஒன்றும் அசையவில்லை;
அதில் இதற்குக் கொஞ்சம் கோபம்.
"ஐயோ பாவம்" என்று குனிந்தாள் ஒருத்தி.
பாவம்,
அவள் கையிலிருந்த இறால் வடையோடு போய்விட்டது.

டச்சுக் குடாவில் மணல் சில்லைப் பிடித்துக்கொண்டது.
வாரை அவிழ்த்து, தூக்கி,
இடுப்பளவு நீரில் விட்டேன்.
முன்கால்கள் துழாவின.
பின்னால் இரண்டும் நீண்டு மிதந்தன,
எந்தப் பக்கமும் திருப்பாத சுக்கான்.
அன்றுதான் பெயர் வைத்தேன்.

இப்போது பாயில் கிடக்கிறது.
கனவில் எதையோ துரத்துகிறது போல;
இடது பின்னங்கால் ஒருமுறை உதைத்தது.
டொக்டர் முன்பே சொல்லியிருக்கிறார்:
அது வெறும் நரம்புத் துடிப்பு, நம்பாதீங்க.

நம்பவில்லை.
பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிடம்.
லைட்டை அணைக்காமல் இருக்கிறேன்.