வியாழக்கிழமைக் குழம்பு

கெனடி அண்ணனின் சைக்கிள் மணி படலையில் கேட்டபோது
கையில் இருந்தது
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதும்
தனியாக ஒரு முந்நூறும்.
பெரிய காசு என்னுடையதல்ல.
அதைச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் செருகிவிட்டு
முந்நூறோடு ஓடினேன்.

"யப்பான்தான் இண்டைக்கு. விரால் கேட்காதை."
நான் எப்போது விரால் கேட்டேன்!
உள்ளங்கை அகலத்தில் ஆறு மீன், இருநூற்று இருபது.
மிச்ச எண்பதுக்கு
ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய்.
புளி இருக்கிறது. தூள் இருக்கிறது.
நேற்றைய தேங்காயில் ஒரு பாதி
கவிழ்த்தபடி இருக்கிறது.
முருங்கை வேலியில் நிற்கிறது,
அதற்கு விலை போட
இன்னும் ஒருவரும் வரவில்லை.

அக்கராயன் குளத்து மீனைச்
சும்மா கழுவினால் சேறு விடாது.
வயிற்றுக்குள் கறுப்பாய் ஒரு தோல் ஒட்டியிருக்கும்,
சுரண்டி எடுக்கவேண்டும்.
உப்பும் பழம்புளியும் போட்டுப் பிரட்டி
உலை கொதிக்கும் வரை விடவேண்டும்.
பிறகு மூன்று தண்ணீர்.
மூன்றாவது தண்ணீரில் உங்கள் முகம் தெரிந்தால் போதும்.

அரைமூடியைத் திருவிப் பிழிந்தேன்.
முதற்பால் ஒரு கோப்பை, கப்பிப்பால் இரண்டு.
சக்கையை எறியவில்லை, அது வறைக்கு.
வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு
மதுசிகா வரும்வரை மூடி வைத்தேன்.
வெந்தயம் பொன்னிறமாகும் நேரம்
வாசலில் மோட்டார் சைக்கிள்.

பதினொரு மணிக்கு வருகிற டிலக்ஷன்
இன்று பன்னிரண்டரைக்கு.
மூன்று வீட்டில் "ஆளில்லை" என்று
ஆளே சொல்லியிருக்கிறது.
காலணியில் செம்புழுதி, கக்கத்தில் கொப்பி,
கழுத்தில் கொம்பனி அட்டை.
காசை எண்ணினான்.
நானும் அவன் விரலோடு சேர்ந்து எண்ணினேன்.
கையெழுத்து வைத்தேன்.
போகவேண்டியவன் போகாமல்
குசினிப் பக்கம் மூக்கைத் திருப்பினான்.

"சாப்பிட்டனீரோ தம்பி?"
"பரவாயில்லை அக்கா."
"என்னத்துக்குப் பரவாயில்லை? சாப்பிட்டனீரோ, இல்லையோ?"
"நான் குளத்து மீன் தின்னுறேல்லை. சேறு மணக்கும்."
பருத்தித்துறைப் பிள்ளை,
கடலுக்குப் பக்கத்தில் பல் முளைத்தவன்.

எனக்குக் கோபம் வந்தது.
கடன்காரி என்று அவன் கொப்பி சொல்லலாம்,
என் சட்டி மணக்கும் என்று
ஒருவரும் சொல்லக்கூடாது.
அலுமினியக் கோப்பையில் சிவப்பரிசிச் சோறு,
நடுவில் ஒரு மீன், மேலே குழம்பு,
ஓரத்தில் முருங்கையிலை வறை.
கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் வறையைத் தின்றான், மரியாதைக்கு.
பிறகு குழம்பில் ஒரு விரல்.
பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிக்
கொப்பிக்கு மேல் வைத்தான்.
அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.
முள்ளைக்கூட வரிசையாய் அடுக்கினான்,
தவணை அட்டையில் கோடு போடுவதைப் போல.

தவணை ஒரு ரூபாய் குறையவில்லை,
அது அவன் கையிலும் இல்லை.
எனக்குக் குறைந்தது ஒரு மீன்.
என் பங்கில் கழித்துவிட்டுக் குழம்போடு சாப்பிட்டேன்,
பழுதில்லை, குழம்பில்தான் மீன் இருந்தது.

இரவு எட்டரைக்குப் போன் அடித்தது.
திரையில் அவன் இலக்கம்.
அந்த இலக்கத்தைப் பார்த்தால்
இந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் வயிறு கலங்கும்.
எண்ணியதில் பிழையோ?
நூறு ரூபாய் குறைந்ததோ?
மூன்று முறை அடிக்கவிட்டு எடுத்தேன்.

"அக்கா..."
பின்னால் ஏதோ சுள்ளென்று பொரிகிற சத்தம்,
வாடகை அறை, ஒற்றை அடுப்பு,
யன்னல் இல்லை போலிருக்கு, இருமினான்.
"அக்கா, வெந்தயம் கருகிப் போச்சு.
புளி இப்ப விடுறதோ, பிறகோ?"

"முதல்ல அடுப்பைக் குறையும்" என்றேன்.
"மீனின்ரை வயித்துத் தோல் எடுத்தனீரோ?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எந்தத் தோல்?"