பதினோரு மணிக்கு

அல் ஐன் தாண்டி நாற்பது நிமிடம்.
ஆஸ்பத்திரிக் குலுக்கலில் எனக்கு விழுந்த ஒரு ராத்திரி.
இரண்டு மாத வாடகையாச்சே என்று எட்வின்
மூன்றாம் முறை சொல்லும்போது
குளிர்ந்த துண்டை நீட்டினார்கள்.

கூடாரத்துக்குள் குளியல்தொட்டி.
தொட்டியில் சாய்ந்தால் ஆறு.
அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்,
மீன் வாங்கி விட்டிருக்கிறார்கள்,
கூழாங்கல் ஓமானிலிருந்து லாரியில் வந்ததாம்.

ஓரிக்ஸ் மான் காட்டுகிறேன் என்று
ஜீப்பில் கூட்டிப்போன பையன்
மூன்று மணி நேரம் மணலைக் காட்டினான்.
‘நேத்து இங்கதான் மேடம் நின்னுச்சு.’

நடு ராத்திரியில் விழித்தேன்.
எது எழுப்பியதென்று தெரியவில்லை.
சத்தம் இல்லாததுதான்.

வெளியே,
ரப்பர் பூட்ஸில் மொத்தாலிப், சில்ஹெட்காரர்.
பதினோரு மணிக்கு மோட்டாரை நிறுத்திவிடுவாராம்.
பதினாலாம் அறைக்காரருக்குத்
தண்ணீர்ச் சத்தத்தில் தூக்கம் வரவில்லையாம்.
சொல்லிக்கொண்டிருந்தவர்
சட்டென்று டார்ச்சை அணைத்தார்.

எதிர்க்கரையில் நான்கு.
வெள்ளை வெளேரென்று.
தேங்கிய நீரில் கொம்பு படாமல்
தலையைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தன.

எட்வினை எழுப்பலாம்தான்.
கூடாரத்து ஜிப் கர்ரென்று கத்தும்.
நின்றுகொண்டே இருந்தேன்,
கொசு கடிக்க.

ஐந்து மணிக்கு,
சொன்னபடி,
ஆறு வந்தது.