கழிவு

பகலில் கல்லடியில், வங்கியின் அடைவு யன்னலில் இருக்கிறேன்.
கல்லுக்கு இவ்வளவு, அரக்குக்கு இவ்வளவு
கழித்துவிட்டு மீதிக்குத்தான் பவுண் கணக்கு.
இரவில், டிலோஜினியின் போட்டோக்கொப்பிக் கடைப் பின்னறையில்
மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளோடு.

பழைய டிரைவர் பலகை சிவப்பு.
முதுகில் கறுத்த அலுமினியச் செதில்.
பற்றரி பன்னிரண்டு கொடுக்கிறது,
சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது பத்து.
மிச்சம் இரண்டும் அந்தச் செதிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன.
தொட்டேன், சுட்டது.
“தரகு” என்றேன்.
“கழிவு” என்றாள், “உன்ட தொழில்தானே.”

புதியது நீலம், தபாலில் வந்தது.
பன்னிரண்டுக்குப் பதினொன்று தசம் ஒன்பது.
ஒரு மணி நேரம் ஓட்டியும் உள்ளங்கையில் குளிர்ந்தே கிடந்தது.

இரண்டும் சொல்வது ஒரே பொய்.
பாதி வேகம் கேட்டால் பாதி தருவதில்லை,
முழுதும் தந்து முழுதும் நிறுத்துகின்றன,
விநாடிக்கு நானூற்றுத் தொண்ணூறு தரம்.
மோட்டார் அதைப் பாதி என்று நம்பி
மெல்லிய குரலில் முனகுகிறது.
பக்கத்துக் கடை நஸ்மீன் நானா எட்டிப் பார்த்தார்:
“வாவி மீன் இங்கயும் வந்திட்டா?”

ஞாயிறு, கடற்கரை மணல் மேட்டில் விட்டோம்.
சிவப்பு தயங்கித் தயங்கி ஏறியது. பதினொரு விநாடி.
நீலத்தை மாட்டினோம்.
மோட்டார் கேட்டதெல்லாம் கொடுத்தது,
இல்லை என்ற சொல்லே அதற்குத் தெரியாது.
பற்றரி ஒரு கணம் தலை குனிந்தது.
அந்தக் கணத்தில் மூளைப் பலகைக்கு மின்சாரம் போதவில்லை.
வண்டி தன்னை மறந்து
முதல் வரியிலிருந்து மறுபடி விழித்தது,
பாய்ந்தது, மறந்தது, விழித்தது,
ஒவ்வொரு தரமும் ஒரு விரற்கடை மணலுக்குள்.

“பாத்தியா, கழிவுக்கும் ஒரு புத்தி கிடக்கு.”
“புத்தியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல.
சூடாப் போன வோல்ற் போனதுதான்.
மறுகா, நீ ஏன் ஒரேயடியாத் திறந்து விட்டாய்?”
மணலிலேயே மடிக்கணினியை விரித்து
முந்நூறு மில்லிவிநாடி ஏற்றம் ஒன்று எழுதினாள்,
சுழியத்திலிருந்து படிப்படியாக.
நீலம் ஏறியது. நான்கு விநாடி.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

திங்கள் காலை ஒரு பெண் இரண்டு காப்புகளை வைத்தாள்.
தராசு ஆடி நின்றது.
அரக்குக்கு வழக்கமான எண்ணை எழுதப் போனேன்.
சுட்ட விரலில் பேனை உறுத்தியது.
திரும்ப எடுத்துப் பார்த்தேன்:
கட்டிக் காப்பு. அரக்கே இல்லை.
கழிவு என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.
முகாமையாளர் கையெழுத்திடுமுன்
இரண்டு தரம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.