டயரில் சிக்கிய கற்கள்

வினிபெக்கிலிருந்து ஐந்து மணி நேரம்.
இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு சரித்திர ஆசிரியை,
இரண்டு பெட்டி பேகல், ஒரு வாளி ஊறிய வெள்ளரிக்காய்.
நான் சாரதி. பெயர்ப்பட்டியலில் நான் இல்லை.

சஸ்காட்செவனுக்குள் நுழைந்ததும்
திருமதி பெர்ல்மட்டர் ஒலிவாங்கியை எடுத்தார்.
ருமேனியாவிலிருந்து வந்தவர்கள் என்றார்.
தையற்காரர்கள், தொப்பி விற்றவர்கள்,
ஒருவர் கடிகாரம் திருத்தியவர்.
கலப்பைக்கு முன்பக்கம் எது என்று தெரியாத மனிதர்களுக்கு
அரசாங்கம் ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர் பனியைக் கொடுத்தது.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
யாரோ காதுக் கருவியைக் கழற்றவே இல்லை.

சரளைக் கற்சாலை முடிந்தது. பிறகு மண்தடம்.
பிறகு அதுவும் இல்லை, புல்தான்.
முள்கம்பி வேலி, அதில் ஒரு படலை,
படலையில் ஆறுமுனை நட்சத்திரம்.
ஒரு முனை துருவேறி விழுந்திருந்தது.
ஊர் போய்விட்டது, இடுகாடு இருக்கிறது.
சில ஊர்களுக்கு அதுகூட வாய்ப்பதில்லை.

எஸ்ரா, பல்லுக்குக் கம்பி போட்ட பையன்,
முழந்தாளிட்டு வலமிருந்து இடமாக
நகத்தால் பாசியைச் சுரண்டிச் சுரண்டி
எழுத்துக் கூட்டினான்.
பெய்லா. மகள்.
யாருடைய மகள் என்ற இடம் உதிர்ந்திருந்தது.
ஆண்டு ஐயாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்று.
நான் முழிப்பதைப் பார்த்து, கைபேசியில் கழித்து,
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, குகா" என்றான்.
குகதாசன் என்பதில் பாதியைத்தான் அவன் வாய் ஏற்கும்.
எங்கள் வருடங்களுக்குப் பெயர் உண்டு;
அறுபது முடிந்ததும் முதல் பெயருக்கே திரும்பிவிடும்.
இவர்களுடையது எண்ணிக்கொண்டே போகிறது,
ஒன்றையும் தள்ளுபடி செய்யாமல்.

அப்போதுதான் ஆசிரியை பையைத் தேடினார்.
கல்லறைமேல் வைப்பதற்கென்று
ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல்,
பெயர் எழுதி, வர்ணம் பூசி,
பள்ளிக்கூட வாசற்படியில் பத்திரமாக இருக்கிறது.

புல்லை விலக்கித் தேடினார்கள்.
கறுத்த மண். கொழுத்த மண்.
பேருக்கு ஒரு கல் இல்லை.
உண்ணி மட்டும் காற்சட்டையில் ஏறியது.
தாலியா என்றவள் அழுதாள்,
கல்லுக்காக அழவில்லை என்று அவளே சொன்னாள்,
யாரும் கேட்காமலே.

எங்கள் பக்கத்தில் எரித்துவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும்.
நானும் அப்படித்தான் வந்தேன்,
சொன்னபடி, கழுத்தை இறுக்கிக்கொண்டு.
இவர்கள் நூறு வருடம் கழித்துத்
திரும்பிப் பார்ப்பதற்கென்றே
பஸ் பிடித்து வருகிறார்கள்.

கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன்.
பின்சக்கரத்தருகே மல்லாந்து படுத்தேன்.
டயரின் பள்ளங்களில் வழி நெடுக
சாலை ஒளித்து வைத்திருந்தது:
சாம்பல் நிறத்தில் ஒன்று, செம்பு நிறத்தில் ஒன்று,
உடைந்த பல் மாதிரி ஒன்று.
நெம்பினேன். ஒவ்வொன்றாய்ப் புல்லில் தெறித்தது.
எஸ்ரா தன் தொப்பியைக் கழற்றி ஏந்தப் பார்த்து,
அந்தத் தொப்பியைக் கழற்றக்கூடாதென்று நினைவு வந்து,
இரண்டு கையையும் குவித்தான்.

இருபத்திரண்டும் ஆசிரியைக்கு ஒன்றும்.
சுத்தமானதுதானா என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள்.
திருமதி பெர்ல்மட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு,
"நம்மோடு பயணம் செய்த கல்" என்றார்.
அது பதிலா என்று எனக்குத் தெரியாது.
வைத்தார்கள். பெய்லாவுக்கு நான்கு விழுந்தது.

திரும்பும்போது எல்லோரும் தூக்கம்.
தார்ச்சாலை ஏறியதும்
டக், டக், டக்,
இடப்பக்கப் பின்சக்கரம்.
எஸ்ரா மட்டும் கண்ணைத் திறந்து
என்ன சத்தம் என்றான்.
"கல்" என்றேன்.
"ஒன்றை விட்டுவிட்டாயா?"
கண்ணாடியில் அவனைப் பார்த்தேன்.
"விட்டுவிட்டேன்."