கம்பத்தில் பட்டது

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
ஒரு மேசை, இரண்டு திரை.
சனி, ஞாயிறு காலை ஏழு மணி எனக்கு.
அங்கே அப்போதுதான் வெள்ளியிரவு, சனியிரவு.
எட்டுக் கல்லூரிகள், ஒரே கூட்டமைப்பு,
அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஐஸ் ஹாக்கி.
பார்த்துப் பார்த்துத் தட்டுகிறேன்:
அடி. தடுப்பு. முட்டல். இரண்டு நிமிடத் தண்டனை.
ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு ரிங்கிட்.

நான் தொட்ட பனிக்கட்டி எல்லாம்
சிவப்புச் சீரா ஊற்றிய ஐஸ் கச்சாங்தான்,
அடியில் கடலையோடு.
இது வேறு. வெள்ளைத் தரையில் நீலக் கோடு.
வட்டுக்கு முன் யார் அதைத் தாண்டினார் என்பதிலேயே
பாதி ஆட்டம் போகிறது.

முதல் மாதம் வட்டு கண்ணில் படவே இல்லை.
இரண்டாம் மாதம் வட்டை விட்டுவிட்டுத்
தோள்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.
சைபர்ஜெயாவிலிருந்து ஹஸ்லினா எழுதினாள்:
பிழை குறைந்திருக்கிறது, யோகமலர்.

தீபாவளிக்குப் பிறகு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்தார்கள்.
ஏழு எட்டானது.
முகம் தெரியாத ஊர்க் குளிர்
எனக்குக் கொடுத்த போனஸ், ஒரு மணி நேரத் தூக்கம்.
மழை வந்தால் நெட் விழும்.
செம்பனை லாரி ஜன்னலை உலுக்கிப் போகும்,
திரையில் எவனோ கண்ணாடிச் சுவரில் மோதும்
அதே நொடியில்.

பச்சைச் சட்டைக் கல்லூரி தோற்றுக்கொண்டே இருந்தது.
அவர்களுக்கு மூன்று வலைக்காவலர்கள்.
மூன்றாமவன் முப்பத்தொன்று, டெல்வோ, நான்காம் ஆண்டு.
மற்றவர்கள் ஏறி இறங்க
பெஞ்சுக் கதவைத் திறந்து மூடுவது அவன் வேலை.
பதிவேட்டில் அவனுக்கும் ஒரு வரி உண்டு,
முழுவதும் சுழியம்.
வாரம் இருமுறை அந்தச் சுழியங்களை
நான்தான் நகலெடுத்தேன்.

பொங்கல் போனது. தைப்பூச வேன் திரும்பி வந்தது,
மொட்டைத் தலையோடு அண்ணன்.
பச்சைச் சட்டைக்குப் பத்தொன்பதாவது தோல்வி.

கடைசி ஆட்டம். ஆறுக்கு ஒன்று.
பயிற்சியாளர் திரும்பிப் பார்க்காமல் விரலை மடக்கினார்.
டெல்வோ தனக்காக ஒருமுறை
அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.
வலைக்கு முன்னால் பனியைச் சுரண்டினான், இடமும் வலமும்,
வாடகைக்கு வந்த முதல் நாள்
வாசல் கூட்டுகிறவன்போல.

ஒரே ஓர் அடி வந்தது.
தோளைப் பார்த்தேன்: வலது மூலை.
அவன் கால் நீட்டினான்.
ஹெட்போனில் சில்வர் டம்ளர் விழுந்த சத்தம்.

விதி தெரியும். கையேட்டில் பக்கம் பதினான்கு:
கம்பத்தில் பட்டது வலை நோக்கிய அடி ஆகாது.
அடி இல்லையென்றால் தடுப்பும் இல்லை.
திருப்பித் திருப்பிப் போட்டேன், நான்கு முறை.
கால்கவசத்துக்கும் வட்டுக்கும் நடுவே
விரற்கடை வெளிச்சம்.

தடுப்பு: 1 என்று தட்டினேன்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர்.
பச்சைக் குலை கணக்கில் சேராது, அபராதம் வேறு.
நேப்பாளி பிஷ்ணு வெட்டியதில் ஒன்று
பழமா காயா என்று சந்தேகம் வந்தால்
நோட்டில் என்ன எழுதுவார்?
கேட்கத்தான் அடுப்படிக்குப் போனேன்.
ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஹஸ்லினா:
முப்பத்தொன்று, மூன்றாம் பகுதி, 18:40.
கம்பம்தானே?

கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமி நின்றது.
கால் பட்ட மாதிரி இருந்தது என்று எழுதி
அழித்தேன்.
கம்பம் என்று அனுப்பினேன்.

ஒன்று சுழியமானது.
அதற்குப் பக்கத்துக் கட்டம், ஆடிய நேரம்.
அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.
2:11.
சரிதானா என்று பார்த்தேன்.
அங்கே போய் மறுபடியும் பார்த்தேன்.